மைனாவுக்குக் கற்பித்த பெயர்கள்

மலைக்கும் கடலுக்கும் நடுவில் வெளிச்சநாடு என்று ஒரு நாடு இருந்தது. அங்கே ஒளிவுமறைவு என்பதே கிடையாது என்று எல்லைக் கற்களில் எல்லாம் செதுக்கி வைத்திருந்தார்கள். கல்லைத் தாண்டி உள்ளே போய்க் குடியிருந்தவர்களுக்குத்தான் மற்றது தெரியும்.

அந்த நாட்டில் பழைய சட்டம் ஒன்று உண்டு. குடிகளில் யார் வந்து கேட்டாலும், அரசாங்கத்தின் எந்த ஓலையையும் வாசிப்பு மண்டபத்தில் வைத்து உரக்கப் படிக்க வேண்டும். எழுத்தறியாதவர்களும் அரசாங்கத்தை அறியட்டும் என்று ஏதோ ஒரு நல்ல ராஜா செய்துவிட்டுப் போன காரியம். பின்னால் வந்த ராஜாக்கள் அதை நீக்கவில்லை. நீக்கினால் பெயர் கெட்டுவிடும். அதனால் வாசிக்கிறவருக்குப் பக்கத்தில் ஒரு முரசை மட்டும் கொண்டுவந்து வைத்தார்கள். நாட்டின் பாதுகாப்புக்கு ஊறு செய்யும் சொல் வரும்போது முரசறைவோன் ஓங்கி அடிப்பான். ஆரம்பத்தில் ஓலைக்கு ஓர் அடி, இரண்டு அடி விழுந்தது. நாளாக ஆக நாட்டின் பாதுகாப்பு மிகவும் மென்மையாகிவிட்டது.

அப்படிப்பட்ட நாளில்தான் மைனாக்கள் வந்தன. தண்டநாயகர் வச்சிரபாகு அவற்றைக் கடல் தாண்டி வரவழைத்தார். நாட்டின் காவலர்களுக்கெல்லாம் தலைவர் அவர், ராணிக்குத் தம்பியும்கூட. தெருவுக்கு ஒரு கம்பம் நட்டு, கம்பத்துக்கு ஒரு மைனாவை உட்கார வைத்தார்கள். எங்கேயாவது குற்றம் நடந்தால், காவலன் பக்கத்துக் கம்பத்தின் அடியில் போய் நின்று, “யார்?” என்று கேட்பான். மைனா ஒரு பெயரைச் சொல்லும். அந்தப் பெயர்க்காரனைப் பிடித்துக்கொண்டு போவார்கள். மைனா கண்ணால் கண்டதைச் சொல்வதால் வேறு சாட்சி வேண்டியதில்லை என்று சட்டமும் செய்தாகிவிட்டது. காவலர்களுக்கு நடை மிச்சம், நீதிநாயகருக்குத் தலைவலி மிச்சம்.

சாயக்காரத் தெரு மைனா ஒரு நாள், “சேந்தன்” என்றது.

சேந்தன், வடிவு என்கிற சாயக்காரியின் தம்பி. தாய் தகப்பன் போன பிறகு அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டே நீலம் முக்கி வளர்த்தவள் அவள். அவனைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை அந்தத் தெரு பார்த்ததில்லை. நாய் குரைத்தால் சந்து மாறிப் போகிறவன். அவன் அரசாங்கக் களஞ்சியத்தின் பூட்டை உடைத்தானாம். பூட்டு உடைந்த அன்றைக்கு அவன் காய்ச்சலில் கிடந்தான். கஷாயத்தைக் குடிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தவனின் மூக்கைப் பிடித்து ஊற்றியவள் வடிவுதான். அதைச் சொல்ல அவள் வாயைத் திறந்தபோது, “நீ பறவையா?” என்று கேட்டார் நீதிநாயகர். அத்துடன் விசாரணை முடிந்தது. உப்புத்தீவுக்கு அனுப்பத் தீர்ப்பாயிற்று. உப்புத்தீவுக்குப் போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை.

ஆண்டுத் திருவிழாவில் ராஜாவின் கொடி ஏறியதும் கைதிகளின் கப்பல் புறப்படும். அதுவரை சேந்தன் துறைமுகக் கொட்டடியில் கிடக்க வேண்டும். வடிவுக்கு இருந்தது அவ்வளவுதான் அவகாசம்.

அவளுக்கு அந்த மைனாவின் மேல் முன்பே ஒரு சந்தேகம் இருந்தது. ஒருமுறை தெருவில் போன எருமை ஒன்று பக்கத்து வீட்டுப் பொம்மியின் தண்ணீர்ப் பானையை முட்டி உடைத்தது. பொம்மி விளையாட்டாகக் கம்பத்தை அண்ணாந்து பார்த்து, “யாரு?” என்றாள். “சேந்தன்” என்றது மைனா. தெருவே சிரித்தது. பிறகு பொம்மியின் புருஷன் இருளப்பனின் பெயரையும் அது சொல்லத் தொடங்கி, அவனையும் கொட்டடிக்குக் கொண்டுபோனார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன செல்லாண்டியின் பெயரையும் அது சொல்லும். அவனைக் காவலர்கள் இன்னும் தேடிக்கொண்டிருந்தார்கள்.

வடிவு வாசிப்பு மண்டபத்துக்குப் போனாள். சாயக்காரத் தெரு மைனாவுக்கு அரசாங்கம் என்னென்ன பெயர்களைச் சொல்லிக் கொடுத்திருக்கிறது என்ற ஓலையைப் படிக்க வேண்டும் என்று கேட்டாள்.

வாசிப்பதிகாரிக்கு ஒரே மகிழ்ச்சி. “கேள்வி கேட்கும் குடிகளே இந்த நாட்டின் கண்கள். உன் மனு ஏற்கப்பட்டது!” என்றார். ஓலையைப் பிரித்தார். தொண்டையைச் செருமினார். “சாயக்காரத் தெருக் கம்பத்து மைனாவுக்குக் கற்பிக்கப்பட்ட பெயர்களாவன...” என்று தொடங்கினார்.

முரசு அதிர்ந்தது. அதிர்ந்தது நிற்கவே இல்லை. அதிகாரியின் உதடுகள் அசைவதும், விரல் வரி வரியாக இறங்குவதும் தெரிந்தன. கூரையிலிருந்த புறாக்கள் எல்லாம் பறந்து ஓடின. கடைசியில் முரசு நின்றபோது, “...இத்துடன் வாசிப்பு நிறைவுற்றது” என்ற சொல் மட்டும் வந்து விழுந்தது.

“கைநாட்டு வை” என்றார் அதிகாரி.

“எனக்கு ஒண்ணுமே காதுல விழலையே ஐயா.”

“வாசித்தோமா, இல்லையா?”

“வாசிச்சீங்க.”

“சட்டம் வாசிக்கத்தான் சொல்கிறது. கேட்கச் செய்ய வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை.”

“அப்ப நான் யாருகிட்டப் போய் முறையிடறது?”

“மேல் நாற்காலியில் முறையிடலாம். அது உன் உரிமை” என்று சொல்லிவிட்டு அதிகாரி எழுந்தார். மேலாடையைச் சரிசெய்துகொண்டு, அடுத்தாற்போல் இருந்த உயரமான நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். முகத்தை வேறாக வைத்துக்கொண்டு அவள் முறையீட்டை முழுவதும் கேட்டார். பிறகு சொன்னார்: “கீழ் நாற்காலியில் இருந்தவர் எடுத்த முடிவை நுணுகி ஆராய்ந்தோம். அவர் மிகவும் திறமைசாலி என்று தெரியவருகிறது. முறையீடு தள்ளுபடி.”

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். வடிவு மறுபடியும் போனாள். மறுபடியும் போனாள். அவளோடு பொம்மியும் வந்தாள். கொட்டடியில் ஆள் கிடக்கிற வேறு தெருக்காரர்களும் வரத் தொடங்கினார்கள். மண்டபம் நிறைந்தது. கூட்டத்தைக் கண்டதும் தண்டநாயகர் வச்சிரபாகு தாமே புறப்பட்டு வந்து, படியில் நின்று பேசினார்.

“குடிகள் அரசைப் பார்க்க விரும்புகிறார்கள். நியாயம்தான். அரசும் குடிகளைப் பார்க்க வேண்டாமா? வெளிச்சம் என்றால் இரண்டு பக்கமும் விழ வேண்டும். ஆகையால் இன்று முதல் வாசிப்புக் கேட்பவர் எவரோ, அவரது பெயரும் அவர் தெரு மைனாவுக்குக் கற்பிக்கப்படும். இது தண்டனை அல்ல. கௌரவம்.”

அடுத்த நாள் மண்டபத்தில் வடிவும் பொம்மியும் மட்டும் நின்றார்கள். பொம்மி வாசல்தூணுக்குப் பின்னால் நின்றாள்.

கௌரவம் வடிவைத் தேடிக்கொண்டு வந்தது. விடியற்காலையில் தண்ணீருக்குப் போனவள், கம்பத்தடியில் காவலன் வீரணன் நிற்பதைப் பார்த்தாள். ஒரு கையில் கொய்யாத் துண்டு. மைனாவை அண்ணாந்து பார்த்து, “யார்? வடிவு. யார்? வடிவு” என்று குழந்தைக்குச் சோறூட்டுகிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் முகம் வெளுத்தது.

“இப்படிப் பாக்காதே தாயி. எனக்கும் புள்ளகுட்டி இருக்கு. மேலருந்து வந்த உத்தரவு.”

“என் தம்பி பேரையும் நீதான் சொல்லிக் குடுத்தியா?”

வீரணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கொய்யாவைப் பறவையிடம் நீட்டினான். வடிவு குடத்தைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். இனி ஊரில் எங்கே ஒரு பூட்டு உடைந்தாலும், எவன் வீட்டில் ஆடு காணாமல் போனாலும் அவளும் கப்பல் ஏற வேண்டியதுதான். அவள் போய்விட்டால் சேந்தனுக்காகக் கேட்க இந்த உலகத்தில் ஒரு நாதி கிடையாது. அதை நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அழுது முடித்துக் கண்ணைத் துடைத்தபோது மைனாவைப் பார்த்தாள். அது வீரணன் கொடுத்ததைக் கொத்திப் பார்த்துவிட்டுத் துப்பியது. இந்த இடத்தில் கொய்யாவின் கதையையும் சொல்லிவிட வேண்டும். மைனாக்களுக்கென்று அரண்மனைத் தோட்டத்திலிருந்து கூடை கூடையாகக் கொய்யா புறப்படும். தண்டநாயகர் மாளிகையில் கொஞ்சம் இறங்கும். அங்கிருந்து மேலாளர், எழுத்தர், வாயில்காப்போன் என்று ஒவ்வொருவரும் ருசி பார்த்தது போக, வீரணன் கைக்கு வருவது பாதிப் பழம். அவனுக்கும் பசிக்கும். பறவைக்குக் கிடைத்தது காம்பு.

மறுநாள் வீரணன் போனதும், வடிவு ஆற்றங்கரை அத்திமரத்தில் பறித்த பழத்தோடு கம்பத்தடிக்குப் போனாள். பொம்மி கூட வந்தாள்.

“யாரு பேரைச் சொல்லிக் குடுக்கப் போறே?” என்றாள் பொம்மி.

“தெரியலையே.”

“இதுல என்னடி யோசனை? தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன? பெரிய பேராவே சொல்லிக் குடு.”

வடிவு தெருவின் இரு முனையையும் பார்த்தாள். பழத்தை உயர்த்திப் பிடித்தாள். “யாரு? வச்சிரபாகு” என்றாள். சொன்ன மாத்திரத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பெயரைப் பட்டமில்லாமல் சொன்னாலே நாக்கை அறுப்பார்கள். பிடிபட்டால் தெருவையே கொளுத்துவார்கள். ஆனாலும் பொம்மி காதோடு காதாகச் சொல்லி வைக்க, தண்ணீர்க் குடத்தோடு போகிற ஒவ்வொருத்தியும் கம்பத்தடியில் ஒரு கணம் நின்று, ஒரு பழத்தைக் கொடுத்து, ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போனாள். பெயர் நீளமாயிருந்ததால் மைனா திணறியது. சில நாள் “வச்சி” என்றது. சில நாள் வாயே திறக்கவில்லை. கேட்காமலே “வடிவு” என்று தெளிவாகச் சொன்ன நாளும் உண்டு. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

திருவிழா நெருங்கியது. ராஜாவின் கொடிக்கு ஆண்டுதோறும் புதுச்சாயம் ஏற்றுவது சாயக்காரத் தெருவின் வழக்கம். முக்கி எடுத்து, தெருவின் குறுக்கே கயிறு கட்டி உலர்த்துவார்கள். அந்த வருஷம் உலர்ந்துகொண்டிருந்த கொடி காணாமல் போயிற்று. காற்று கொண்டுபோனதா, மாடு தின்றதா என்று இன்றுவரை தெரியாது. வடிவைக் கேட்டால் காற்று என்பாள்.

கொடி ஏறாமல் கப்பல் புறப்படக் கூடாது. அது மட்டுமா, போனது ராஜாவின் கொடி. எனவே வீரணனை அனுப்பவில்லை. வச்சிரபாகு குதிரையில் வந்தார். நீதிநாயகர் பல்லக்கில் வந்தார். தெரு ஜனங்களைச் சுவரோரமாக நிறுத்தினார்கள். தண்டநாயகர் வடிவைத் தேடிப் பார்த்து ஒரு புன்னகை செய்தார். வீரணன் சொல்லிக் கொடுத்தது அவருக்குத் தெரியும் அல்லவா. கம்பத்தடியில் போய் நின்று, ஊருக்கே கேட்கும்படி, “யார்?” என்றார்.

மைனா தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தது.

“யார்?”

“வ...” என்றது மைனா.

பொம்மி வடிவின் கையை எலும்பு நொறுங்குகிற மாதிரி பிடித்தாள். காவலர்கள் இருவர் வடிவின் பக்கமாக நகர்ந்தார்கள்.

“வ... வச்சிரபாகு” என்றது மைனா. பழகிய பிறகு அந்தப் பெயர் அதற்குப் பிடித்துப்போய்விட்டது போலும். “வச்சிரபாகு! வச்சிரபாகு!” என்று இறக்கையை அடித்துக்கொண்டது.

நீதிநாயகர் பல்லக்கிலிருந்து இறங்கினார். அவர் நல்லவர் என்று சொல்ல முடியாது. ஆனால் சட்டம் தவறாதவர். “மைனா சொன்னால் வேறு சாட்சி வேண்டியதில்லை” என்றார். “இது தண்டநாயகரே வரைந்த சட்டம். அழகாக வரைந்திருக்கிறார்.”

“அது வெறும் பறவை!” என்று கத்தினார் வச்சிரபாகு. “சொல்லிக் கொடுத்ததைத்தான் சொல்லும்!”

“அதற்கு ஆதாரம்?”

“ஓலை இருக்கிறது.”

“அப்படியானால் வாசிப்பு மண்டபத்தில் கேட்டுப் பெறலாம். குடிகள் எல்லோருக்கும் உள்ள உரிமைதானே.”

வச்சிரபாகுவைக் கயிற்றில் பிணைத்து மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். கப்பலுக்குப் பெயர் எழுதப்பட்டிருந்த கைதிகளும் அதே கயிற்றில் வந்தார்கள். சேந்தன் இளைத்துத் துரும்பாக இருந்தான். அக்காவைக் கண்டதும் சிரிக்கப் பார்த்தான். ஊரே திரண்டு வந்து படிகளில் நின்றது. அதிகாரி ஓலையைப் பிரித்தார். “சாயக்காரத் தெருக் கம்பத்து மைனாவுக்குக் கற்பிக்கப்பட்ட பெயர்களாவன...” முரசு அதிர்ந்தது.

“நிறுத்தடா!” என்றார் வச்சிரபாகு. தொண்டை கிழியக் கத்தினார். முரசறைவோனுக்குக் கேட்கவில்லை. கேட்டபோது பணிவாகச் சொன்னான்: “நிறுத்தணும்னா தண்டநாயகர் முத்திரை வேணும் ஐயா. கைதிக்கு முத்திரை பதிக்கிற அதிகாரம் கெடையாதுன்னு போன வருஷம் நீங்கதான் ஆணை போட்டீங்க.”

ஆள் ஓடி ராணியிடம் சொல்ல, ராணி ராஜாவிடம் சொன்னாள். ராஜா எதற்கும் சொல்கிற ஒரே சொல்லான “ஆகட்டும்” என்பதைச் சொன்னார். அப்படியாக, அந்தத் தலைமுறையில் யாரும் கேட்டறியாதபடி, ஓர் அரசாங்க ஓலை முரசில்லாமல் வாசிக்கப்பட்டது.

“சாயக்காரத் தெருக் கம்பத்து மைனாவுக்குக் கற்பிக்கப்பட்ட பெயர்களாவன: சேந்தன். இருளப்பன். செல்லாண்டி. பின்னர் சேர்த்தது: வடிவு. வேறு பெயர் இல்லை. அமைச்சர் தெருக் கம்பத்து மைனாவுக்குக் கற்பிக்கப்பட்ட பெயர்கள்: இல்லை. அப்பறவைக்கு உறங்குவதற்குப் பயிற்சி அளிக்கப்பட்டுள்ளது.”

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. “பார்த்தீர்களா!” என்றார் வச்சிரபாகு, முகமெல்லாம் வியர்த்துப்போய். “நான் சொன்னேனே, கற்பித்ததைத்தான் அது சொல்லும்!”

“பார்த்தோம்” என்றார் நீதிநாயகர். “சேந்தனும் இருளப்பனும் கற்பித்த பெயர்கள். ஆகவே பறவை கண்டது அல்ல, அவர்களுக்கு விடுதலை. மற்றத் தெருக்காரர்களுக்கும் அப்படியே. ஆனால் இந்த ஓலையில் உமது பெயர் இல்லை. கற்பிக்காத பெயரை அது தானாகச் சொல்லியிருக்கிறது என்றால், அது ஒன்றுதான் கண்ணால் கண்ட உண்மை.”

வடிவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தாள். சேந்தனின் கைக்கட்டை அவிழ்த்ததும், ஊர் பார்க்கிறது என்றும் பாராமல் அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். வச்சிரபாகுவும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. புதுக் கொடி ஏறியதும் அவர் கப்பலில் போனார். உப்புத்தீவின் ஆளுநராகப் போனார்.

புதிய தண்டநாயகர் இளைஞர். குரல் உயர்த்திப் பேசாதவர். பதவியேற்றதும் குடிகளிடம் மன்னிப்புக் கேட்டார். மைனாக்களைக் கூண்டோடு கப்பலேற்றினார். “பொய்க் குற்றம் சுமத்தப்பட்ட உங்கள் பெயர்கள் அரசாங்க ஓலையில் கிடப்பது உங்களுக்கு அவமானம்” என்று சொல்லி, அந்தப் பெயர்கள் வருகிற ஓலைகளையெல்லாம் மண்டபத்து முற்றத்தில் குவித்துத் தீ வைத்தார். கைதுச் சீட்டு, விடுதலைச் சீட்டு, நாட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்ற குடிக்கணக்கு எல்லாம் எரிந்தன. ஜனங்கள் கைதட்டினார்கள். வடிவும் தட்டினாள்.

கம்பங்கள் மட்டும் நின்றன. சில நாளில் அவற்றில் வேறு பறவைகள் வந்து உட்கார்ந்தன. சாம்பல் நிறம். பேசவில்லை, கூவவில்லை, பழத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. யாரும் அடியில் நின்று எதுவும் கற்பிக்கவில்லை. தெருவில் போகிறவர்களின் பின்னாலேயே அவற்றின் கழுத்து மட்டும் திரும்பியது. பொம்மி ஒருமுறை “யாரு?” என்று கேட்டுப் பார்த்தாள். பறவை அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒரு காலையில் சேந்தன் துணி அலசுவதற்கு ஆற்றுக்குப் போனான். துணிகள் கரையில் இருந்தன. அவன் இல்லை. எந்தக் காவலனும் வரவில்லை. எந்தக் குற்றமும் சொல்லப்படவில்லை. வடிவு கொட்டடியில் போய்க் கேட்டாள். அங்கே யாருமே இல்லை என்று கதவைத் திறந்தே காட்டினார்கள்.

வடிவு வாசிப்பு மண்டபத்துக்குப் போனாள். அதே அதிகாரி, அதே மகிழ்ச்சியோடு வரவேற்றார்.

“என் தம்பியக் காணோம். எங்க தெருக் கம்பத்துப் பறவை ஆத்தங்கரையத்தான் பாத்துக்கிட்டு இருக்கு ஐயா. அன்னிக்கு அது என்ன பாத்துச்சு, யாருகிட்டச் சொல்லுச்சுன்னு ஓலைய வாசிங்க.”

“எந்தப் பறவையம்மா?” என்றார் அதிகாரி.

அவருக்குப் பின்னால் சாளரத்தில் சாம்பல் பறவை ஒன்று உட்கார்ந்திருந்தது. வடிவு கையை நீட்டிக் காட்டினாள். அதிகாரி திரும்பிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்து, “எங்களிடம் அப்படி எந்த ஓலையும் இல்லை” என்றார். “உன் தம்பி பெயர் என்ன?”

“சேந்தன்.”

அலமாரியைத் திறந்து பொறுமையாகத் தேடினார். அவர் குரலில் உண்மையாகவே இரக்கம் இருந்தது. “அப்படி ஒருவர் இந்நாட்டில் இருந்ததாகவே தெரியவில்லையே அம்மா. அடுத்தவர் வரலாம்.”

வடிவு நகரவில்லை. அவளுக்குப் பின்னால் பொம்மி நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் வரிசை வாசலைத் தாண்டி, படி இறங்கி, தெரு முனைவரைக்கும் நின்றது. எல்லோர் கையிலும், காணாமல் போனவர் விட்டுப்போன ஈரத்துணியோ, செருப்போ, பாதி தின்ற சோற்றுப் பொட்டலமோ இருந்தது.